படம் வருகிறது, சத்தம் இல்லை. செகா. அவசரம்!!

படந்தாலுமூடு பையன், வியாழன் இரவு 10.40
அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு உதவி. செகா (வீடியோ கேம்) போட்டால் டிவியில் படம் அருமையாக வருகிறது, சத்தம் மட்டும் சுத்தமாக இல்லை. வால்யூமை 100 வரை ஏற்றிப் பார்த்துவிட்டேன். வயர் நன்றாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாமா பிள்ளைகள் வருகிறார்கள், அதற்குள் சரியாக வேண்டும். என்ன செய்ய?

வேர்க்கிளம்பி விசு, 10.52
எந்த செகா? எந்த டிவி? எந்த வயர்? ஜோசியரிடம் போனால்கூட ஜாதகத்தைக் கொடுக்க வேண்டும் தம்பி.

கசிவு கண்டவன், 10.58
கெப்பாசிட்டர். யோசிக்கவே வேண்டாம். முப்பது வருடப் பெட்டி, உள்ளே எலக்ட்ரோலைட் கசிந்திருக்கும். நான் இதுவரை நாலு கேம் கியர் (செகாவின் கையடக்கப் பெட்டி) திறந்திருக்கிறேன், நாலிலும் இதே கதை. முதலில் சத்தம் குறையும், அப்புறம் காணாமல் போகும். எல்லா கெப்பாசிட்டரையும் மாற்றுங்கள், 200 ரூபாய்க்குள் முடியும்.

பழைய வால்வு, 11.15
கேள்வி கேட்பது எப்படி என்று மேலே தனி இழையே ஒட்டி வைத்திருக்கிறேன். யாரும் படிப்பதில்லை. "செகா" என்பது கம்பெனியின் பெயர், பெட்டியின் பெயர் அல்ல. "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்று சொல்லிவிட்டு, சைக்கிளா லாரியா என்று சொல்லாமல் போவது போல. 40 வருடம் டிவி ரிப்பேர் பார்த்தவன் நான், எனக்கே ஞானதிருஷ்டி கிடையாது.

படந்தாலுமூடு பையன், வெள்ளி காலை 7.05
மன்னிக்கவும் சார். கறுப்பு கலர் செகா. டிவி புது எல்இடி, 32 இன்ச். வயர் பெட்டியோடு வந்த வயர்தான். வேலைக்குக் கிளம்புகிறேன், மாலை பார்க்கிறேன்.

வேர்க்கிளம்பி விசு, 7.20
கறுப்பு கலராம். செகா விற்றதில் முக்கால்வாசி கறுப்புதான்.

குளச்சல் கடற்காற்று, 8.33
புது எல்இடி என்றால் எனக்குப் புரிந்துவிட்டது. இப்போது வருகிற டிவியில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று ஓட்டை கொடுப்பதில்லை. ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்றே ஒன்று வைத்து, அதற்கு ஒரு குட்டி வயர் தருவான். அந்த வயர் தொலைந்து கடையில் வேறு வாங்கினால் வந்தது வினை. வெளியே பார்க்க ஒன்று போலவே இருக்கும், உள்ளே எந்த வளையத்தில் படம், எதில் சத்தம், எதில் எர்த் என்பது மாறியிருக்கும். கேம்கோடர் வயரும் டிவி வயரும் இப்படித்தான் அடித்துக்கொள்ளும். சோதிப்பது சுலபம்: மஞ்சளை எடுத்துச் சிவப்பில் செருகு, வெள்ளையில் செருகு. ஸ்பீக்கரில் "ர்ர்ர்" என்று உறுமினால் படத்தின் சிக்னல் சத்தத்தின் வழியில் போகிறது என்று அர்த்தம்.

வேர்க்கிளம்பி விசு, 8.41
அதோடு, பழைய பெட்டிகளில் பல மோனோ. ஒற்றை ஆடியோ பின்தான் இருக்கும். அதைச் சிவப்பில் செருகினால் சில டிவி கண்டுகொள்ளாது, வெள்ளையில் செருக வேண்டும். செகாவின் மெகா டிரைவ் முதல் மாடலிலும் பின்பக்கத்திலிருந்து வருவது மோனோதான், ஸ்டீரியோ வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் ஹெட்போன் ஓட்டையில் எடுக்க வேண்டும்.

எட்டுபிட்டு அக்கா, 9.10
தம்பி, நாலு கேள்வி. கேசட் போடும் இடத்தில் சறுக்கித் திறக்கும் மூடி இருக்கிறதா? ரீசெட் பட்டன் இருக்கிறதா? பெட்டி எந்த நாட்டிலிருந்து வந்தது? வயர் டிவியில் எந்த ஓட்டைக்குள் போகிறது? இதற்குப் பதில் வரும்வரை யாரும் சோல்டரிங் அயனைச் சூடாக்க வேண்டாம்.

கசிவு கண்டவன், 9.14
மாற்றினால் நஷ்டம் ஒன்றும் இல்லையே அக்கா.

எட்டுபிட்டு அக்கா, 9.20
சும்மா இருக்கிற போர்டில் கை வைத்து டிராக்கைப் பெயர்த்தவர்களை நிறையப் பார்த்தாயிற்று. பொறுங்கள்.

படந்தாலுமூடு பையன், மாலை 6.48
சறுக்குகிற மூடி இருக்கிறது. ரீசெட் இல்லை, பாஸ் பட்டன் மட்டும். கேசட் போடாமலே ஒரு கேம் ஓடும். மஞ்சள், சிவப்பு எதுவும் கிடையாது அண்ணே, கறுப்பு வயர் ஒன்றே ஒன்று, டிவியின் ஆன்டெனா ஓட்டையில் போகிறது. ஆட்டோ டியூன் போட்டுத்தான் சானல் பிடித்தேன். சித்தி இங்கிலாந்தில் நர்ஸ், அங்கே பழைய சாமான் விற்கிற இடத்தில் வாங்கி வந்தார்கள். அடாப்டரும் அங்கேயிருந்து வந்ததுதான்.
சொல்ல மறந்தேன். எங்கள் வீட்டுப் பழைய குண்டு டிவியிலும் போட்டுப் பார்த்தேன். அதிலும் படம் உண்டு, சத்தத்துக்குப் பதிலாக "ஸ்ஸ்ஸ்" என்று மழை இரைச்சல். பாறசாலையில் மாமா வீட்டில் போட்டால் மட்டும் சத்தம் நன்றாக வருகிறது.

வேர்க்கிளம்பி விசு, 6.55
கடைசி வரியை முதலில் சொல்லியிருந்தால் நேற்றே முடிந்திருக்கும்! பாறசாலையில் வருகிற சத்தம் களியக்காவிளை தாண்டினால் வராதா? செக்போஸ்டில் கோழி லாரியை மடக்குகிற மாதிரி சத்தத்தையும் இறக்கி வைத்துவிட்டார்களோ?

பாலராமபுரம் நெசவு, 7.02
சிரிக்க வேண்டாம். எங்கள் பக்கம் கரண்ட் ஒழுங்காக வரும். உங்கள் பக்கம் மாலையானால் வோல்டேஜ் இறங்கும். பழைய பெட்டிக்கு அது தாங்காது. ஒரு ஸ்டெபிலைசர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

குளச்சல் கடற்காற்று, 7.06
உங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் இருந்தால்தானே வோல்டேஜ் பார்க்க?

பாலராமபுரம் நெசவு, 7.09
ஓய், மழை உங்கள் ஊரில் பெய்யாதோ?

எட்டுபிட்டு அக்கா, 7.31
அடாப்டர் 230 வோல்ட்டை வாங்கி 9 வோல்ட் கொடுக்கிறது, பெட்டிக்குள் அது மறுபடி 5 வோல்ட்டாக இறங்குகிறது. வோல்டேஜ் படுத்தால் படமும் சேர்ந்து படுக்கும், சத்தம் மட்டும் தனியாகக் கோபித்துக்கொண்டு போகாது. ஒரு டிவியில் சத்தம் வருகிறது என்றாலே பெட்டி நன்றாக இருக்கிறது. கசிவு தம்பி, அயனைக் கீழே வையுங்கள்.

இது செகாவின் மாஸ்டர் சிஸ்டம் 2, 1990இல் வந்தது. விலையைக் குறைக்க ஏவி ஓட்டையையே எடுத்துவிட்டார்கள், அதனால் ஆன்டெனா வழி ஒன்றுதான். அதாவது பெட்டிக்குள் ஒரு குட்டி டிவி நிலையம் உட்கார்ந்திருக்கிறது. படத்தையும் சத்தத்தையும் ஒரு சானலில் ஏற்றி அனுப்புகிறது.

இங்கேதான் சிக்கல். அனலாக் காலத்தில் பிரிட்டனும் இந்தியாவும் இரண்டுமே பால் (PAL) என்ற கலர் டிவி முறைதான், அதனால் படம் கலரோடு வருகிறது. ஆனால் படத்துக்கு எவ்வளவு தள்ளிச் சத்தத்தை வைப்பது என்பதில் இரண்டு நாடும் வேறு. இந்தியாவில் பி/ஜி (B/G) முறை, 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி. பிரிட்டனில் ஐ (I) முறை, 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி. உன் பெட்டி 6இல் நின்று கத்துகிறது, உன் டிவி 5.5இல் காதை வைத்துக் காத்திருக்கிறது. குண்டு டிவி அங்கே ஒன்றும் இல்லாததால் இரைகிறது. எல்இடி கொஞ்சம் நாகரிகம், ஒன்றும் இல்லையென்றால் வாயை மூடிக்கொள்ளும்.

மாமா டிவி எங்கே வாங்கியது? கல்ஃபா?

படந்தாலுமூடு பையன், 7.40
ஆமா அக்கா! மாமா துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. எப்படித் தெரியும்?

எட்டுபிட்டு அக்கா, 7.44
கல்ஃபில் ஊர் ஊராக ஆள் வந்து வேலை பார்க்கிறார்கள், டிவியை எந்த நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று கடைக்காரனுக்குத் தெரியாது. அதனால் அங்கே மல்டி சிஸ்டம் டிவிதான் ஓடும். 4.5, 5.5, 6, 6.5 எல்லாவற்றையும் தானே தேடிப் பிடிக்கும்.
உன் எல்இடியில் அனலாக் சானலைக் கையால் டியூன் செய்யும் பக்கத்துக்குப் போ. "சவுண்ட் சிஸ்டம்" என்று ஒரு வரி இருக்கும். பிஜி என்று இருப்பதை ஐ என்று மாற்றிச் சேமித்துக்கொள். சில டிவியில் இந்தியா என்று நாட்டைக் குறித்தால் அந்த வரியே மறைந்துவிடும், அப்போது நாட்டை மாற்றிப் பார்.

முத்துநகர் ஆன்டெனா, 8.15
இதில் எனக்கு ஒரு சந்தேகம். சின்ன வயதில் தூத்துக்குடியில் மாடியில் ஆன்டெனா திருப்பி ரூபவாஹினி பார்ப்போம். வேற்று நாடுதானே, சத்தம் கணீரென்று வந்ததே?

எட்டுபிட்டு அக்கா, 8.19
இலங்கையும் பி முறைதான். நம்முடைய அதே 5.5.

குளச்சல் கடற்காற்று, 8.26
ரூபவாஹினியா! எங்கள் ஊரிலும் வரும். ஐப்பசிக் காற்று ஓய்ந்த ராத்திரிகளில் திருவனந்தபுரத்தைவிடத் தெளிவாக வரும்.

பாலராமபுரம் நெசவு, 8.30
சும்மா விடாதீர்கள். குளச்சலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் அறுபது கிலோமீட்டர்கூட இருக்காது. இலங்கை கடலுக்கு அந்தப் பக்கம்.

முத்துநகர் ஆன்டெனா, 8.34
கடல்தான் காரணமே. வெயில் இறங்கிய பிறகு கடல் மேலே காற்று அடுக்கு அடுக்காக நிற்கும், அலை அதற்குள் வளைந்து தூரம் போகும். நிலத்தின் மேல் அது அவ்வளவாக நடக்காது. எங்கள் தெருவில் 1982இல் ரூபவாஹினி தொடங்கின வருடமே ஆன்டெனா கிழக்கே திரும்பிவிட்டது. குழந்தைகளுக்குச் சிங்களத்தில் விளம்பரம் மனப்பாடம்.

குளச்சல் கடற்காற்று, 8.40
எங்கள் வீட்டில் மலையாளம் அப்படித்தான் வந்தது. ஞாயிறு சினிமாவுக்கு ஆன்டெனாவை வடக்கே திருப்பப் பெரியண்ணன் ஓட்டில் ஏறுவார், கீழேயிருந்து பத்துப் பேர் "போச்சு, வந்தாச்சு, போச்சு" என்று கத்துவோம்.

பாலராமபுரம் நெசவு, 8.43
அப்படியென்றால் திருவனந்தபுரம்தான் பார்த்தீர்கள். அதைத்தான் நானும் சொன்னேன்.

குளச்சல் கடற்காற்று, 8.45
இரண்டும் பார்த்தோம் ஓய்.

பழைய வால்வு, 9.30
இது சந்தேக இழை, திண்ணை அல்ல. விஷயத்துக்கு வருவோம்.
அக்கா சொன்னது சரி. நான் காலையிலேயே ஊகித்தேன், விவரம் இல்லாமல் பேச வேண்டாம் என்று இருந்தேன்.
குண்டு டிவிக்கு மெனுவில் வழி இருக்காது. "ஃபைன் டியூன் பண்ணு" என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அது பலிக்காது. இந்த டிவிகள் சத்தத்தைத் தனியாகத் தேடுவதில்லை. படத்துக்கும் சத்தத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத்தான் எடுத்து வேலை செய்கின்றன. சானலை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் இரண்டும் சேர்ந்துதான் நகரும், இடைவெளி அதே 6. உள்ளே இருக்கிற மூன்று கால் செராமிக் பில்டர் 5.5ஐ மட்டுமே விடும்.
வழி இரண்டு. டிவியைத் திறந்து பில்டரை மாற்றலாம். அதைப் பையன்கள் செய்யக் கூடாது, படக்குழாயில் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கினாலும் தங்கும். இரண்டாவது, பெட்டிக்குள் இருக்கும் மாடுலேட்டரை, அதாவது அக்கா சொன்ன குட்டி டிவி நிலையத்தை, 5.5க்கு இறக்குவது. தகர டப்பா மாதிரி இருக்கும், மூடியைக் கழற்றினால் நடுவில் ஃபெரைட் திருகு உள்ள காயில் (கம்பிச்சுருள்) இருக்கும். அதுதான் 6 மெகாஹெர்ட்ஸ். திருகை மெல்ல உள்ளே இறக்கினால் 5.5க்கு வரும். ஸ்க்ரூ டிரைவர் விடாதே. இரும்பு கிட்டே போனாலே அலைவரிசை மாறும், ஃபெரைட் விண்டுபோகும். மூங்கில் குச்சியைச் சீவிக்கொள், நாங்கள் அதுதான் வைத்திருந்தோம். எத்தனை சுற்று என்று எழுதி வை. திருகு எட்டவில்லையென்றால் காயிலோடு சேர்ந்த கெப்பாசிடன்ஸ் ஏறக்குறைய 19 சதவீதம் கூட வேண்டும், அந்தக் கணக்குக்கு ஒரு சின்ன கெப்பாசிட்டர் இணையாகப் போட வேண்டும்.

கசிவு கண்டவன், 9.33
ஆக, கெப்பாசிட்டர்!

பழைய வால்வு, 9.35
தம்பி, அது வேறு இது வேறு. நீங்கள் சொன்னது பழுது, நான் சொல்வது மாற்றம். முதலில் படியுங்கள்.

எட்டுபிட்டு அக்கா, 9.41
வால்வு சார், ஒரு சின்னத் திருத்தம். மாடுலேட்டரை 5.5க்கு இறக்கிவிட்டால் குண்டு டிவியில் வரும், ஆனால் எல்இடியில் அவன் ஐ என்று சேமித்ததை மறுபடி பிஜிக்கு மாற்ற வேண்டும். ஒன்றைச் சரிபண்ணி இன்னொன்றை மௌனமாக்கிவிட்டு இங்கேயே வந்து நிற்பான். ஞாயிறுக்குள் வேண்டுமென்றால் பெட்டியைத் தொடவே வேண்டாம், மெனு போதும்.

பழைய வால்வு, 9.50
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

வேர்க்கிளம்பி விசு, சனி காலை 10.20
பையன் எங்கே? மெனுவைத் தேடிக் காணாமல் போய்விட்டானா?

படந்தாலுமூடு பையன், ஞாயிறு இரவு 9.12
வந்துவிட்டது. ஐ போட்டதும் வந்தது. பிள்ளைகள் அடித்துக்கொண்டு விளையாடினார்கள். அக்காவுக்கு நன்றி.

பழைய வால்வு, 9.40
எந்த டிவி, மெனுவில் எந்தப் பக்கத்தில் இருந்தது, நாட்டை மாற்ற வேண்டியிருந்ததா என்று எழுதினால் அடுத்து வருபவனுக்கு உதவும். குண்டு டிவியை என்ன செய்தாய்?

வேர்க்கிளம்பி விசு, செவ்வாய் 8.05
சார், அவன் போயாச்சு.

ஆரல்வாய் காற்று, 19 நாள் கழித்து
எனக்கும் இதே பிரச்சினை. லிட்டில் மாஸ்டர் கேம் பெட்டி. படம் வருகிறது, சத்தம் இல்லை. என்ன செய்ய?

எட்டுபிட்டு அக்கா
எந்த டிவி? எந்த வயர்? எங்கே வாங்கியது?