ஜிம்னியை 2 இன்ச் உயர்த்திய பிறகு ஸ்டீயரிங் அலைகிறது, உதவுங்கள்

கொல்லிமலைக்காரன்:
என் ஐந்து கதவு மாருதி ஜிம்னிக்கு 50 மி.மீ. லிஃப்ட் போட்டேன். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் மட்டும்தான் மாற்றியது. மண் பாதையில் அருமை. தார் ரோட்டில் 80-ஐத் தொட்டால் வண்டி அங்குமிங்கும் அலைகிறது. வளைவில் ஒடித்த ஸ்டீயரிங் தானாகத் திரும்புவதில்லை. நேராகப் போகும்போதும் கோணலாக நிற்கிறது, ஈஎஸ்பி (வண்டி சறுக்காமல் காக்கும் அமைப்பு) விளக்கு வேறு எரிகிறது. அலைன்மென்ட் பார்த்த இடத்தில் எல்லாம் சரி என்கிறார்கள்.

மண்பாதை:
அலைகிறதா, உதறுகிறதா? பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீயரிங் படபடவென்று ஆடினால் கிங்பின் பேரிங் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பேரிங்), பானார்ட் ராடு (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) புஷ், அதாவது அதன் முனை வளையம், இரண்டையும் முதலில் பாருங்கள்.

கொல்லிமலைக்காரன்:
உதறல் இல்லைண்ணா, அலைச்சல்தான்.

கிரீஸ்கை:
அப்போ காஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம். முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் இரண்டு ஆர்ம்களும் பின்னால் சேஸிஸில் மாட்டியிருக்கின்றன. சேஸிஸ் உயர்ந்தால் ஆக்சில் முன்பக்கமாக உருண்டுவிடும். 50 மி.மீ.க்கு ஏறக்குறைய 3 டிகிரி காஸ்டர் போய்விடும். ஸ்டீயரிங்கை நடுவுக்கு இழுப்பதே அதுதான். ஜிம்னியில் டோ (முன் சக்கரங்கள் உள்ளே, வெளியே பார்க்கும் கோணம்) மட்டும்தான் திருகி மாற்ற முடியும், அதனால் பல கடைகளில் அதை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். அலைன்மென்ட் தாளில் காஸ்டர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கோணல் தனிக் கதை. வண்டி உயர்ந்ததும் டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ராடு) சாய்ந்து சக்கரத்தை இழுக்கிறது. அதன் நட்டைத் தளர்த்தி, ராடைத் திருகி ஸ்டீயரிங்கை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். டயரைப் பார்த்து ஸ்டீயரிங் வீலைக் கழற்றி மாட்டுகிறவர்களிடம் கொடுக்காதீர்கள். ஸ்டீயரிங் கோணம் பார்க்கும் சென்சார் குழம்பினால் ஈஎஸ்பி விளக்கு அணையாது.

கொல்லிமலைக்காரன்:
காஸ்டர் 0.4 டிகிரிதான் காட்டுகிறது! ஆர்மில் இருக்கும் புஷ் மாற்றினால் போதுமா, காஸ்டர் திருத்திய ஆர்மே வாங்கணுமா?

கிரீஸ்கை:
2 இன்ச்சுக்கு ஆஃப்செட் புஷ் போதும். துளை நடுவில் இருக்காது, எந்தப் பக்கம் அடிக்கிறோம் என்பது முக்கியம். தலைகீழாக ஏறினால் இருக்கிற காஸ்டரும் போய்விடும். பாறை ஏறுகிற ஆளாக இருந்தால் ஆர்மே வாங்கிவிடுங்கள், அதில் போடும் ரப்பர் புஷ் நன்றாக வளைந்து கொடுக்கும்.

மண்பாதை:
போல்ட்டுகளை ஜாக்கியில் தொங்கும்போது இறுக்க விடாதீர்கள். சக்கரம் தரையில் நிற்கணும், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். ஆக்சில் முழுதாகத் தொங்கும்போது பிரேக் ஹோஸ் விறைக்கிறதா என்றும் பாருங்கள்.

கொல்லிமலைக்காரன்:
புஷ் அடித்து, டிராக் லிங்கும் சரி செய்தாயிற்று. விளக்கு அணைந்துவிட்டது, ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறது. பின் ஆக்சில் மட்டும் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கிறது.

கிரீஸ்கை:
பானார்ட் ராடு வேலை அது. நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டால் நடுவுக்கு வந்துவிடும், அவசரமில்லை.