ஜவானாகச் சேர்ந்து ஹெலிகாப்டர் விமானி ஆனவர்கள், ஆக முயன்றவர்கள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

பனிமலை_ஹவில்தார்:

லீவில் ஊருக்குப் போனாலும் சரி, ரிட்டயர்ட் ஆகி வந்த பிறகும் சரி, பட்டாளத்துப் பையன்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: "மாமா, சிப்பாயா சேர்ந்தவன் ஹெலிகாப்டர் ஓட்ட முடியுமா?"

முடியும். ஆனால் சிப்பாயாக இருந்துகொண்டே முடியாது. நம் இராணுவத்தில் ஹெலிகாப்டர் ஓட்டுபவர்கள் அதிகாரிகள். ஆகவே முதலில் கமிஷன், அதாவது அதிகாரிப் பதவி; அதற்குப் பிறகுதான் ஆர்மி ஏவியேஷன் என்ற இராணுவ ஹெலிகாப்டர் பிரிவு. இதை ஆரம்பத்திலேயே எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் நல்ல பையன்கள் வயது வரம்பு தாண்டிய பிறகு வந்து விசாரிக்கிறார்கள். அந்த ஆதங்கத்தில்தான் இந்தத் திரியை ஆரம்பிக்கிறேன்.

நான் காலாட்படை. சியாச்சினில் மேல் போஸ்டில் இருந்த காலத்தில் மண்ணெண்ணெய், மருந்து, வீட்டுக் கடிதம் எல்லாம் சீட்டா ஹெலிகாப்டரில்தான் வரும். ஹெலிபேட் என்பது பனியை மிதித்து இறுக்கிய ஒரு சின்னச் சதுரம், அவ்வளவுதான். இறங்கியதும் இன்ஜினை அணைக்க மாட்டார்கள். அந்த உயரத்தில், அந்தக் குளிரில் அணைத்தால் திரும்ப உயிர் பெறுமா என்பது நிச்சயமில்லை. விசிறி சுற்றும்போதே குனிந்து ஓடிப் போய்ச் சாமானை இழுத்துப் போட வேண்டும். ஒரு முறை எங்கள் ஆள் ஒருவனுக்கு நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. உதடு நீலம் பாரித்துப் போயிருந்தது. மேகம் கொஞ்சம் விலகிய நேரம் பார்த்து ஒரு சீட்டா வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனது. பிழைத்துக்கொண்டான்.

பிற்பாடு கீழே பேஸ் கேம்ப்பில் அந்த விமானியைப் பார்த்து நன்றி சொல்லப் போனேன். கேப்டன், கட்வால் பக்கத்துக்காரர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் சிக்னல்ஸில் சிப்பாயாகச் சேர்ந்தவன்தான். ஏசிசி எழுதி வந்தேன். உங்கள் பட்டாலியனில் ஏசிசிக்கு யாராவது படிக்கிறார்களா?" என்று ஹிந்தியில் கேட்டார். எனக்குத் தெரிந்து ஒருவனும் இல்லை. அந்தப் பெயரையே அதுவரை நான் சரியாகக் கேட்டதில்லை.

ஏசிசி என்றால் ஆர்மி கேடட் காலேஜ், டேராடூன். 12ஆம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், வயது 20 முதல் 27க்குள், குறைந்தது 2 வருட சர்வீஸ். எழுத்துத் தேர்வு, எஸ்எஸ்பி (அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் சோதனை), மெடிக்கல் மூன்றும் தாண்டினால் அங்கே 3 வருடப் படிப்பு, டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழகப் பட்டம். பிறகு ஐஎம்ஏவில் (இந்திய இராணுவ அகாடமி) 1 வருடப் பயிற்சி, தோளில் நட்சத்திரம். ஹெலிகாப்டரின் வாசலே அதற்குப் பிறகுதான் திறக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 26 வயதில் ஏசிசிக்குள் நுழைகிறவன் லெஃப்டினன்ட் ஆகும்போது 30 ஆகிவிடும். அதனால்தான் சீக்கிரம், சீக்கிரம் என்று அடித்துக்கொள்கிறேன்.

இந்தப் பாதையில் நடந்தவர்கள் எழுதுங்கள்.


நாசிக்_காற்று:

ஹவில்தார் சாப், வணக்கம். நான் அந்தப் பாதையில் வந்தவன். திருவண்ணாமலை மாவட்டம், பீரங்கிப்படையில் கன்னராகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

எழுத்துத் தேர்வைக் கடின உழைப்பில் தாண்டிவிடலாம். நம் ஆட்கள் விழுவது எஸ்எஸ்பியில். ஐந்து நாள். முதல் நாளே ஸ்கிரீனிங்கில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கு மனோதத்துவத் தேர்வு, மைதானத்தில் குழு வேலைகள், நேர்காணல், கடைசி நாள் கான்ஃபரன்ஸ்.

ஜவானுக்கு எங்கே இடிக்கிறது என்றால், உத்தரவு வரும் வரை அமைதியாக நிற்கும் பழக்கத்தில். யூனிட்டில் அதற்குப் பெயர் ஒழுக்கம். எஸ்எஸ்பி மைதானத்தில் ஒரு பலகை, ஒரு கட்டை, ஒரு கயிறு கொடுத்து, சிவப்பு அடித்த இடத்தில் கால் படாமல் சுமையோடு அந்தப் பக்கம் போ என்பார்கள். யாரும் தலைவர் கிடையாது. அங்கேயும் "யாராவது சொல்லட்டும், செய்யலாம்" என்று நின்றால் முடிந்தது. என்னோடு வந்த ஒரு நாயக், உடல் வலுவில் எங்கள் எல்லோரையும் விட மேலே, கடைசி வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒரு யோசனைகூட வாயைத் திறந்து சொல்லவில்லை. அவர் மனதில் யோசனை இருந்தது, இரவு பேரக்கில் எனக்கு வரைந்தே காட்டினார். சபையில் சொல்லியிருந்தால் அவரும் தேறியிருப்பார்.

எஸ்எஸ்பிக்குப் போகிறவர்கள் இப்போதே உங்கள் செக்ஷனில் சின்னச் சின்ன வேலைகளுக்கு "நான் பார்த்துக்கொள்கிறேன் சாப்" என்று முன்வந்து பழகுங்கள். கோச்சிங் சென்டரில் இதைச் சொல்லித் தர முடியாது.

கமிஷன் வாங்கியதும் நேராகக் காக்பிட் இல்லை. எனக்குத் திரும்பவும் பீரங்கிப்படைதான் கிடைத்தது. ஒரு விதத்தில் பொருத்தம்தான். ஆர்மி ஏவியேஷனே பீரங்கிப்படையின் ஏர் ஓபியிலிருந்து (வானிலிருந்து பார்த்து பீரங்கிக்கு இலக்கு சொல்லும் பிரிவு) பிரிந்து 1986 நவம்பர் 1இல் தனிப்பிரிவானது. இளம் அதிகாரியாகச் சில காலம் ரெஜிமென்ட்டில் இருந்துவிட்டு விருப்ப விண்ணப்பம் போட்டேன். இராணுவத்தின் முதல் பெண் போர் ஹெலிகாப்டர் விமானி அபிலாஷா பராக்கும் அப்படித்தான். சென்னை பரங்கிமலை ஓடிஏவில் (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) பயிற்சி முடித்து 2018இல் ஆர்மி ஏர் டிஃபென்ஸில் கமிஷன் வாங்கியவர். 2022இல்தான் நாசிக்கில் விங்ஸ் என்ற விமானிச் சின்னத்தை அணிந்தார்.

விண்ணப்பித்தவர்களுக்கு முதல் கண்டம் விமானி திறன் தேர்வு. முன்பு பிஏபிடி என்றார்கள், இப்போது கணினி வழியில் சிபிஎஸ்எஸ். இதை அடிக்கோடிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வாழ்நாளில் ஒரே முறை. அதில் தவறினால் அந்த வாழ்க்கைக்கு விமானி இருக்கை கிடையாது. மீட்டர்களைப் பார்த்து விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்தத் திசையில் போகிறது என்று சட்டென்று சொல்ல வேண்டும். இன்னொன்றில் கையில் ஸ்டிக், காலில் ரட்டர், திரையில் நழுவி ஓடும் புள்ளியை நடுவில் நிறுத்த வேண்டும். அதே நேரம் விளக்கு எரியும், சத்தம் வரும், அதற்கும் பதில் கொடுக்க வேண்டும். முந்தைய நாள் இரவு ரயிலில் தூங்காமல் வந்து உட்காராதீர்கள். எவ்வளவு கெஞ்சியாவது ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள்.

பிறகு பெங்களூரில் விமான மருத்துவக் கழகம். அதையும் தாண்டினால் நாசிக்கில் ஆர்மி ஏவியேஷன் பயிற்சிப் பள்ளி.

முதன்முதலில் ஹோவர் செய்யச் சொன்ன (அந்தரத்தில் அசையாமல் நிறுத்தச் சொன்ன) காலை எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. இடது கையில் உயரத்துக்கான கலெக்டிவ், வலது கையில் சாய்வுக்கான சைக்ளிக், காலில் மூக்கைத் திருப்பும் பெடல். ஆள் உயரத்துக்குத் தூக்கி அப்படியே நிறுத்து என்றார் இன்ஸ்ட்ரக்டர். கலெக்டிவைக் கொஞ்சம் ஏற்றினேன், மூக்கு திரும்பியது. பெடலில் பிடித்தேன், பக்கவாட்டில் நழுவியது. சைக்ளிக்கில் திருத்தினேன், உயரம் இறங்கியது. ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் கோபித்துக்கொள்ளும். "கீழே பார்க்காதே, தூரத்தில் அந்த மரத்தைப் பார்" என்றார். பார்வையைத் தூரத்தில் வைத்ததும் கை தானாக அடங்கியது. அதற்குப் பிறகு நான் பல இடங்களில் பறந்திருக்கிறேன், ஆனால் அந்த மைதானத்தின் மேல் அசையாமல் நின்ற அந்தச் சில நொடிகளுக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன்.


99_சென்டிமீட்டர்:

நான் விமானப்படை. ஏர்மேனாகச் (அதிகாரி அல்லாத வீரராக) சேர்ந்து, தொலைதூரக் கல்வியில் டிகிரி முடித்து, அனுமதி வாங்கி ஏஎஃப்கேட் (விமானப்படை அதிகாரிகளுக்கான நுழைவுத் தேர்வு) வழியாக விமானிகளின் ஃப்ளையிங் பிராஞ்சுக்கு முயன்றேன். ஏர்மேனாக இருக்கும் தம்பிகளுக்கு இதுவும் ஒரு வழி. 12ஆம் வகுப்பில் இயற்பியல், கணிதம் இருக்க வேண்டும், வயது 20 முதல் 24. டிகிரி முடிப்பதற்குள் வயது ஓடிவிடும், அதனால் சேர்ந்த கையோடு படிக்க ஆரம்பிக்க வேண்டும்.

எஸ்எஸ்பி தேறினேன், சிபிஎஸ்எஸ் தேறினேன். மெடிக்கலில் கால் நீளம் குறைந்தபட்சம் 99 செ.மீ. இருக்க வேண்டும். எனக்கு 98. உயரம் 162.5க்கு மேலேயே இருந்தது, கால்தான் குட்டை. யாரிடமும் கோபப்பட முடியாத தோல்வி அது. பெடல் எட்டாதவன் ஓட்டக் கூடாது என்பது நியாயம்தான் என்று மனதுக்குத் தெரியும், ஆனாலும் அன்றைக்கு முழுவதும் யாரோடும் பேசவில்லை.

வீட்டிலேயே அளந்து பாருங்கள். தரையில் உட்கார்ந்து முதுகையும் இடுப்பையும் சுவரோடு ஒட்டி, காலை நேராக நீட்டி, சுவரிலிருந்து குதிகால் வரை. உட்கார்ந்த உயரம், தொடை நீளம் இரண்டுக்கும்கூட வரம்பு உண்டு. கண் பரிசோதனையையும் நிறக்குருடு பரிசோதனையையும் முன்கூட்டியே ஒரு கண் டாக்டரிடம் செய்துகொள்ளுங்கள். வருடக்கணக்கில் படித்த பிறகு தெரிவதைவிட இன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது.

நான் இப்போது எம்ஐ-17 ஹெலிகாப்டரில் ஃப்ளைட் கன்னர். காக்பிட்டுக்குப் பின்னால்தான் என் இடம், ஆனால் பறக்கிறேன். ஏர்மேனாகவே பறக்க இப்படியும் ஒரு வேலை உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை என்பதால் எழுதுகிறேன்.


பிளாக்ஹாக்_குரூசீஃப்:

அண்ணன்கள் அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்க இராணுவத்தில் இருக்கிறேன். கிரீன் கார்டோடு சாதாரண சோல்ஜராகச் சேர்ந்தேன், சர்வீஸ் மூலம் குடியுரிமை வந்தது. பிளாக் ஹாக்கில் குரூ சீஃப், அதாவது வண்டியைப் பராமரித்து அதிலேயே கூடப் பறக்கிற வேலை. இங்கே நடைமுறை முற்றிலும் வேறு. இங்குள்ள இராணுவ ஹெலிகாப்டர் விமானிகளில் பெரும்பாலோர் வாரண்ட் ஆஃபீசர்கள், அதாவது சார்ஜென்ட்களுக்கு மேலே, லெஃப்டினன்ட்களுக்குக் கீழே வரும் தொழில்நுட்ப அதிகாரிகள். டிகிரி கட்டாயம் இல்லை. 19 வயதுப் பையன் பள்ளிப் படிப்போடு விண்ணப்பிக்கலாம். ஆனால் குடியுரிமை இல்லாமல் வாரண்ட் ஆஃபீசர் ஆக முடியாது, இங்குள்ள நம் பிள்ளைகள் முதலில் கவனிக்க வேண்டியது அதுதான்.

சேரும்போது எழுதும் தேர்வில் ஜிடி மதிப்பெண் (மொழி, கணக்குத் திறனுக்கானது) 110 வேண்டும், அதற்கு விலக்கு கிடையாது. பிறகு சிஃப்ட் என்ற விமானித் தேர்வு. 20 முதல் 80 வரை மதிப்பெண், 40 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் 40ஓடு தேறிவிட்டால் உயர்த்திக்கொள்ள மறுபடி எழுத முடியாது. தோற்றால் இன்னும் ஒரு வாய்ப்பு, அதோடு சரி. அங்கே நாசிக் அண்ணா சொன்ன அதே கதைதான், தயாராகாமல் உட்காரக் கூடாது.

பிறகு ஃப்ளைட் மெடிக்கல், பரிந்துரைக் கடிதங்கள், தேர்வுக் குழு. அனுபவமுள்ள ஒரு ஏவியேட்டரின் கடிதம் மிக முக்கியம். எனக்குக் கொடுத்தவர் நான் பராமரித்த வண்டியை ஓட்டிய ஒரு மூத்த வாரண்ட் ஆஃபீசர். ராத்திரி நேரத்தில் ஹேங்கரில் நான் கேட்ட கேள்விகளையெல்லாம் நினைவில் வைத்திருந்து எழுதினார். குரூ சீஃப், மெக்கானிக் வேலையில் இருப்பவர்களுக்கு அதுதான் பலம், தினமும் விமானிகளோடு பழகுகிறோம்.

இப்போது அலபாமாவில், ஃபோர்ட் ரக்கரில் பயிற்சி. பறப்பதைவிட மனதில் பதிந்தது டங்கர். ஹெலிகாப்டர் கூண்டு மாதிரி ஒன்றில் பெல்ட் போட்டு உட்கார வைத்துத் தண்ணீரில் இறக்கித் தலைகீழாகப் புரட்டுவார்கள். மூக்குக்குள் தண்ணீர் ஏறும், மேல் எது கீழ் எது என்று தெரியாது. ஒரு கை ஜன்னல் சட்டத்தை விடக் கூடாது, கூண்டு சுற்றி நின்ற பிறகுதான் பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். முன்னாலேயே அவிழ்த்தால் உள்ளேயே மிதந்து திசை தெரியாமல் மாட்டிக்கொள்வீர்கள். கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவன் நான், இருந்தும் முதல் தடவை நெஞ்சு படபடத்தது.

கையெழுத்துப் போடும் முன் இதையும் வீட்டில் பேசுங்கள்: பயிற்சிக்குப் பிறகு 10 வருடம் சேவை செய்ய வேண்டும். பிரிட்டன் இராணுவத்தில் சார்ஜென்ட்களே அப்பாச்சி ஓட்டுகிறார்கள். நாட்டுக்கு நாடு வாசல் வேறு.


சிப்பாய்_தேனி:

அண்ணா, 2019ல சேர்ந்தேன். இப்ப வயசு 25. பிளஸ் டூ தமிழ் மீடியம். இதைப் படிச்சதுல இருந்து தூக்கம் வரல. இங்கிலீஷ் படிச்சா புரியும், பேச வராது. போன தடவை ஏசிசி பத்தி ஆபீஸ்ல கேட்டப்போ, உனக்கெல்லாம் எதுக்குன்னு சிரிச்சாங்க. நேரா சிஓ (பட்டாலியன் கமாண்டிங் ஆபீசர்) சார்கிட்ட கேக்கலாமா? வீட்ல வேற கல்யாணப் பேச்சு எடுக்கிறாங்க.


பனிமலை_ஹவில்தார்:

தம்பி, சிரித்தவர்களை விடு. நேராக சிஓவிடம் போகாதே, வரிசைப்படி போ. முதலில் உன் கம்பெனி சீனியர் ஜேசிஓ (சுபேதார் நிலை) சாப், பிறகு கம்பெனி கமாண்டர். எழுத்தில் கொடு, நகல் வைத்துக்கொள். தர்பாரில் (சிஓ எல்லோரையும் கூட்டிக் குறை கேட்கும் கூட்டம்) கேட்பதும் உன் உரிமைதான், ஆனால் அது கடைசி வழி. யூனிட்டில் எஜுகேஷன் ஹவில்தார் இருப்பார், அவரைப் பிடி. இந்த வேலையில் அவரை விட உதவியான ஆள் கிடையாது. கல்யாணத்தை என்ன செய்வது என்று உன் அம்மாவிடம் நானே பேச வேண்டுமானாலும் பேசுகிறேன், தனிச்செய்தியில் நம்பர் அனுப்பு.


நாசிக்_காற்று:

தேனித் தம்பி, நானும் தமிழ் மீடியம்தான். எஸ்எஸ்பியில் இலக்கணப் பிழைக்கு யாரும் தலையை எடுப்பதில்லை. தயங்கித் தயங்கி நிறுத்துவதுதான் பாதிக்கும். ஒரு படத்தை 30 நொடி பார், 4 நிமிடத்தில் அதற்கு ஒரு கதை எழுது. யார், என்ன சிக்கல், அவர் என்ன செய்தார், எப்படி முடிந்தது. அதையே பக்கத்துக் கட்டிலில் இருப்பவனிடம் வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல். தினமும் ஒரு படம். டியூட்டி முடிந்து இரவு ரோல் காலுக்குப் பிறகு செய்தால் போதும். எழுதிய கதைகளை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் திருத்தித் தருகிறேன். நிறக்குருடு பரிசோதனையை இந்த வாரமே யூனிட் மருத்துவ அறையில் (எம்ஐ ரூம்) செய்துகொள்.