காற்றடித்தால் அப்பா தூங்குவதில்லை

கேள்வி (பேராவூரணி):
2018 நவம்பர் 16 விடியற்காலை, கஜா புயலில் எங்கள் தோப்பில் 140 தென்னைகள் சாய்ந்தன, மிஞ்சியவை 11. அன்றிலிருந்து கார்த்திகையில் காற்று சற்றுப் பலத்தாலே அப்பா டார்ச் விளக்கோடு தோப்புக்குக் கிளம்பிவிடுகிறார். போய் என்ன செய்ய முடியும்? மிஞ்சிய மரங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறார். வயது 71. மறுபடி நட்ட நெட்டைக் கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. உங்கள் வீட்டிலும் இப்படி யாரேனும் உண்டா?

பதில் (வேதாரண்யம்):
புயல் கரையைக் கடந்ததே எங்கள் பக்கம்தான். மாமியார் இன்றும் மழை இரவில் ஓட்டு வீட்டில் படுக்க மாட்டார். அப்பாவைத் தடுக்காதீர்கள், கூடவே போங்கள்.

பதில் (மன்னார்குடி):
எங்களை அழிக்கப் புயலே வேண்டாம், தை மழை போதும். அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்து, கதிரிலேயே முளைத்துவிட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் அரசுக் கொள்முதலில் இழுபறி. சாலையில் நெல்லைக் கொட்டிக் காவல் இருந்த என் அண்ணன் பேச்சையே குறைத்துக்கொண்டார். 104 எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கிறது. நான்தான் பேசினேன், அவர் பேசவில்லை.

கேட்டவர்:
நேற்றிரவு கூடப் போனேன். ஒரு மரத்தடியில் நின்று, “இது உன் அம்மா வைத்தது” என்றார். எனக்கு அது தெரியாது.