ஒரே பிரிண்டர், நாலு கணினி: பிரிண்ட் சர்வர் வைத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

எங்களுடையது மொத்த மளிகை வியாபாரம். நாலு கணினிக்கும் சேர்த்து ஒரே டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். கார்பன் வைத்து மூன்று பிரதி எடுக்க வேண்டும், அதனால் லேசருக்கு மாற வழியில்லை. ஓரமாகக் கிடந்த பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, பிரிண்டரை அதில் மாட்டி, கப்ஸ் (லினக்ஸில் பிரிண்ட் வேலைகளைக் கவனிக்கும் மென்பொருள்) வழியாக எல்லோருக்கும் பகிர்ந்தேன். பிரவுசரில் அந்தக் கணினியின் 631 போர்ட்டைத் திறந்தால் கப்ஸின் நிர்வாகப் பக்கம் வந்துவிடும். அரை மணி நேர வேலைதான். பில் மென்பொருளும் லினக்ஸில் ஓடுவது. பிரிண்டருக்கான குறியீடுகளை அதுவே அனுப்பிவிடும் என்பதால் டிரைவர் இல்லாமல் ரா க்யூவாக, அதாவது எதையும் மாற்றாமல் அனுப்பும் பிரிண்ட் வரிசையாக வைத்தேன்.

முதல் பில்லில் முதல் வரி சரியாக வந்தது. இரண்டாவது வரி, முதல் வரி முடிந்த இடத்துக்குக் கீழே தொடங்கியது. துவரம் பருப்புக்குக் கீழ்ப்படியில் உளுந்து, அதற்கும் கீழே கடலைப் பருப்பு என்று மாடிப்படி மாதிரி இறங்கி, மொத்தத் தொகை தாளிலேயே இல்லை. லாரிக்காரர் வாசலில் நிற்கிறார்.

காரணம் இதுதான். யூனிக்ஸில் வரி முடிவுக்கு லைன் ஃபீட் என்ற ஒரே குறி. அது தாளை ஒரு வரி நகர்த்தும், அவ்வளவுதான். அச்சடிக்கும் ஹெட்டை இடது ஓரத்துக்குக் கொண்டுவர கேரேஜ் ரிட்டர்ன் வேண்டும். டாஸில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். ரா க்யூவோ வந்ததை வந்தபடியே பிரிண்டருக்குத் தள்ளிவிடும். பில்லை, வரி முடிவுகளை டாஸ் முறைக்கு மாற்றும் யூனிக்ஸ்-டூ-டாஸ் கட்டளையில் ஓடவிட்டு, அப்புறம் அச்சுக்கு அனுப்பும் எல்பிஆர் கட்டளைக்குக் கொடுத்தேன். வரிகள் நேராக நின்றன. பில்லில் லோகோ, படம் இருந்தால் இதைச் செய்யாதீர்கள், படத்தின் பைட்டுகளும் மாறிவிடும். எங்களுக்கு வெறும் எழுத்துதான்.

இன்னொன்று. கார்த்திகை மழையில் மின்சாரம் போனபோது பிரிண்டர் மட்டும் அணைந்தது, சர்வர் யுபிஎஸ்ஸில் ஓடியது. பையன் ஒரே பில்லுக்கு ஆறு முறை பிரிண்ட் கொடுத்திருக்கிறான். மின்சாரம் வந்ததும் ஆறும் வரிசையாக வந்தன. அன்றிலிருந்து எல்பிக்யூ கட்டளையில் வரிசையைப் பார்த்து, தேவையில்லாததை எல்பிஆர்எம் கட்டளை கொடுத்து நீக்கக் கற்றுக்கொடுத்துவிட்டேன்.

லாஸ்பேட்டையிலிருந்து:

எங்கள் கணினிப் பயிற்சி மையத்தில் லேசர் பிரிண்டர் நேரடியாக நெட்வொர்க்கில் இருந்தது, கப்ஸிலிருந்து பிரிண்டரின் 9100 போர்ட்டுக்குப் போகும். வாரம் ஒருமுறை நின்றுவிடும். டிரைவரை மூன்று முறை மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பிரிண்டரின் நிலைப் பக்கத்தை அச்சிட்டால் ஐபி எண்ணே வேறு! ரவுட்டரை அணைத்துப் போடும்போதெல்லாம் அதிலுள்ள டிஎச்சிபி (ஐபி எண்களைத் தானாகப் பங்கிடும் வசதி) புது எண் கொடுத்திருக்கிறது. ரவுட்டரில் அந்த பிரிண்டருக்கு ஒரு எண்ணை ஒதுக்கிவைத்தேன், சரியாகிவிட்டது. க்யூ 'நிறுத்தப்பட்டது' என்று காட்டினால் எண்ணைத் திருத்தினால் மட்டும் போதாது, க்யூவை மீண்டும் ஓடவிடும் கப்ஸ்எனேபிள் கட்டளையும் கொடுக்க வேண்டும். இதில் எனக்கு ஒரு நாள் போனது.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

அண்ணே, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். அடுத்த வாரம் கணக்குப்பிள்ளை அறைக்கு லேசர் வருகிறது. அவர் தமிழில் கடிதம் அடிப்பவர். டாட் மேட்ரிக்ஸின் ரா க்யூவுக்கு யூனிகோடு தமிழை அனுப்பினால் கிறுக்கலாகத்தான் வந்தது. பிடிஎஃப் ஆக்கி, டிரைவரோடு தனியாக வைத்த இன்னொரு க்யூவுக்கு அனுப்பினேன். எழுத்தைப் படமாக மெதுவாக அடித்தாலும் கொம்பும் காலும் இடம் மாறாமல் வந்தன. லேசருக்கும் அதே வழிதான் வைக்கப்போகிறேன், ஐபி எண்ணை முதலில் ஒதுக்கிவிட்டு.