கையைக் கடிக்காத ஊர் எது? வியன்னாவிலிருந்து ஐந்து நாள்

பாதிவழி:

எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் கடைசியில் வேலை விஷயமாக வியன்னா வருகிறேன். வியாழக்கிழமையோடு வேலை முடிகிறது. வியாழன் இரவு அறை ஆபீஸ் செலவு. ஊர் திரும்பும் விமானம் அடுத்த புதன் காலை 11 மணிக்கு, அதுவும் வியன்னாவிலிருந்துதான். நடுவில் வெள்ளி முதல் செவ்வாய் வரை முழுசாக ஐந்து நாள், ஐந்து இரவு. தம்பியும் வந்து சேர்ந்துகொள்கிறான். இரண்டு பேருக்கும் சேர்த்து 600 யூரோ. தங்குவது, சாப்பாடு, ரயில், எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

தம்பி பாரிஸ் என்கிறான். இருபது யூரோவுக்கு டிக்கெட் இருக்கிறது என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பி உயிரை எடுக்கிறான். எனக்கோ பிராக், புடாபெஸ்ட், கிராக்கோவ் மூன்றையும் ஒரே சுற்றில் பார்த்துவிட ஆசை. அருங்காட்சியகத்தில் நாள் முழுக்க நிற்கிற ஆட்கள் இல்லை, தெருத்தெருவாக நடப்போம், உள்ளூர்ச் சாப்பாடு பிடிக்கும். ஹாஸ்டலில் பத்துப் பேர் படுக்கும் அறை வேண்டாம், குறட்டைப் பிரச்சினை (விடுவது நான்தான்). இந்தப் பணத்துக்கு எது நடக்கும்?

நடராஜா சர்வீஸ்:

முதலில் அந்த இருபது யூரோவைப் பார்த்துவிடுவோம். டிக்கெட்டில் இறங்கும் இடம் போவே என்று இருக்கிறதா பாருங்கள். பெயருக்குத்தான் பாரிஸ், ஊர் எண்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். பஸ்ஸுக்குத் தனிக் காசு, போக ஒரு மணி நேரத்துக்கு மேல், திரும்பும்போதும் அதே கதை. மலிவு டிக்கெட் போடுகிற இடமெல்லாம் இப்படித்தான். பார்சிலோனா என்று நினைத்து ஜிரோனாவில் இறங்குகிறவர்கள் உண்டு, மிலான் என்று பெர்காமோவில் இறங்குகிறவர்களும் உண்டு. அப்புறம் பை. இருக்கைக்கு அடியில் வைக்கிற 40×30×20 சென்டிமீட்டர் பைதான் இலவசம், அதைத் தாண்டினால் டிக்கெட்டை விடப் பைக்கு அதிகம் கேட்பார்கள். நான் ஒருமுறை வாசலில் நின்று ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுப் பையைச் சுருக்கியும் அந்தச் சட்டகத்துக்குள் போகவில்லை, கட்டிய காசு டிக்கெட்டைப் போல இரண்டு மடங்கு. வேலை விஷயமாக வருகிறவர் கையில் கோட்டும் லேப்டாப்புமாக இருப்பீர்கள், இந்த வம்பு வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் ஏற்கெனவே நிற்கிற இடம் வியன்னா. அதுவே பாதிக் காசு மிச்சம். ரயிலில் ஒரு மணி நேரம் போனால் பிராட்டிஸ்லாவா, ஒன்றரை மணி நேரத்தில் பர்னோ, இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் புடாபெஸ்ட், நாலு மணி நேரத்தில் பிராக். இதை விட்டுவிட்டு விமானம் ஏறுவானேன்?

மூன்று ஊர் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். புடாபெஸ்ட்டிலிருந்து கிராக்கோவ் போகவே ஒரு பகல் முழுக்கப் போய்விடும். மூன்று ஊரிலும் பணமும் வேறு வேறு: கொருனா, ஃபோரிண்ட், ஸ்வோட்டி. மாற்றி மாற்றியே பணம் கரையும்.

ராத்திரி ரயில்:

மூன்றில் ஒன்று என்றால் என் ஓட்டு கிராக்கோவுக்கு. சாப்பாடு விஷயத்தில் அதை அடிக்க ஆள் இல்லை. பார் ம்லெச்னி என்று ஒன்று உண்டு, பெயர் ‘பால் பார்’, உண்மையில் அரசு மானியத்தில் நடக்கும் பழைய காலச் சாப்பாட்டுக்கடை. தட்டை நீங்களே எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும், உபசாரம் கிடையாது. ஆனால் பியரோகி என்கிற கொழுக்கட்டையும் பீட்ரூட் சூப்பும் வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தால் பில்லைப் பார்த்துச் சிரிப்பு வரும். பெரிய சதுக்கத்தில் மரியா தேவாலயக் கோபுரத்திலிருந்து ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் ட்ரம்பெட் ஊதுவார், பாட்டு பாதியில் சட்டென்று நின்றுவிடும். அதைக் கேட்க ஒரு காசும் வேண்டாம். ஆஷ்விட்ஸ் நினைவிடத்துக்கு அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர். வழிகாட்டி இல்லாமல் போனால் நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் பெயர் கொடுத்து இணையத்தில் முன்பதிவு செய்தே ஆக வேண்டும், அந்த நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஒரே குறை, வியன்னாவிலிருந்து ரயிலில் ஆறு மணி நேரத்துக்கு மேல். போக ஒரு நாள், வர ஒரு நாள். அப்புறம் போலந்தில் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும், சனிக்கிழமையே ரொட்டி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

குளிர்காய்பவன்:

எல்லோரும் சொல்கிற அதே நாலு ஊர்தானா? பெல்கிரேட் போங்கள். 2025 ஜனவரி முதல் ஊருக்குள் பஸ், டிராம் எல்லாம் எல்லோருக்கும் இலவசம், சுற்றுலா வருகிறவர்களுக்கும்தான். கோட்டை மேலே நின்றால் சாவா ஆறும் டான்யூப் ஆறும் சேருமிடம் தெரியும்.

பாதிவழி:

பெல்கிரேட் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் என்னுடையது ஒரு முறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா). செர்பியா ஷெங்கனுக்கு வெளியேதானே? வெளியே போனால் மறுபடி வியன்னாவுக்குள் விடமாட்டார்களே.

குளிர்காய்பவன்:

அய்யோ, விசாவைக் கவனிக்கவில்லை. அப்படியென்றால் பெல்கிரேடை மறந்துவிடுங்கள். அதற்குப் பதில் சோஃபியா. பல்கேரியா 2025 ஜனவரி முதல் முழுசாக ஷெங்கனுக்குள் இருக்கிறது, 2026 ஜனவரியிலிருந்து யூரோவும் வந்துவிட்டதால் பணம் மாற்றும் வேலையும் இல்லை. விமான நிலையத்திலிருந்து மெட்ரோ நேராக ஊர் நடுவில் இறக்கிவிடும். பழைய குளியல் மாளிகைக்குப் பக்கத்தில் குழாயில் வெந்நீர் ஊற்று வருகிறது, ஊர்க்காரர்கள் கேன் கேனாகப் பிடித்துக்கொண்டு போவார்கள். மெட்ரோவுக்குக் கீழே இறங்கினால் ரோமர் காலத்து ஊரான செர்டிகாவின் தெருவும் சுவரும், டிக்கெட் கிடையாது. ஆனால் விமானத்தில்தான் போக வேண்டும், மேலே சொன்ன பைக் கதை அதற்கும் பொருந்தும். அதனால் இந்தமுறை வேண்டாம் என்றால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:

பேச்சு போதும், பேப்பரில் போட்டுப் பார்ப்போம். வெள்ளி காலை வியன்னா-புடாபெஸ்ட், அங்கே நாலு இரவு. செவ்வாய் புடாபெஸ்ட்-பிராட்டிஸ்லாவா, ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள். கடைசி இரவு அங்கே. வியன்னாவில் அந்த இரவு அறை எடுப்பதை விடப் பிராட்டிஸ்லாவாவில் எடுப்பது குறைவு. புதன் காலை பிராட்டிஸ்லாவாவிலிருந்து பஸ் நேராக வியன்னா விமான நிலையத்துக்கே போகும், ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 11 மணி விமானத்துக்குத் தாராளம். கடைசி பஸ்ஸை நம்பாமல் ஒன்றிரண்டு முந்தியதாக எடுங்கள், அவ்வளவுதான்.

இரண்டு பேர் அறைக்கு இரவு 60 என்று வைத்தால் 300. ரயிலும் பஸ்ஸும் சேர்த்து இரண்டு பேருக்கு 90 ஒதுக்குங்கள், முன்கூட்டி வாங்கினால் குறையும். ஆஸ்திரிய ரயில்வே தளத்தில் விலையைப் பாருங்கள். புடாபெஸ்ட்டில் வெந்நீர் ஊற்றுக் குளியல் ஒரு முறை, இரண்டு பேருக்கும் 70. மீதி 140, நாளுக்கு 28. இரண்டு பேர் சாப்பாடு, டிராம், காபி எல்லாம் அதில் என்றால் இறுக்கம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் அறையை 50-க்குப் பிடித்தால் நாளுக்கு 38 ஆகிவிடும், அதில் ஓட்டலாம். புடாபெஸ்ட்டில் அறையை 7-ஆம் வட்டாரத்தில் எடுக்காதீர்கள். சனி ராத்திரி அங்கே கல்யாணத்துக்கு முந்தைய கூத்தடிக்க வருகிற கும்பல்தான், உங்கள் குறட்டையே கேட்காது. 13-ஆம் வட்டாரத்தில் ஆற்றோரம் பாருங்கள், சமையலறையோடு கிடைத்தால் காலைச் சாப்பாடு வீட்டுச் செலவு.

நடராஜா சர்வீஸ்:

கணக்கு சரி. புடாபெஸ்ட்டுக்கு நாலு இரவு என்றால் நானும் கை தூக்குகிறேன். நவம்பர் கடைசியில் அங்கே நாலு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அதைக் குறையாக நினைக்காதீர்கள், கோடையில் ஒன்பது மணி வரை காத்திருந்து பார்க்கிற விளக்கு வெளிச்சம் உங்களுக்கு ஐந்து மணிக்கே கிடைக்கும். 2-ஆம் எண் டிராமில் ஆற்றோரமாக ஒரு முறை போய் வந்தால் காசு கொடுத்துப் படகு ஏறத் தேவையில்லை. மீனவர் கொத்தளத்தில் மேல் மாடத்துக்குத்தான் டிக்கெட் வாங்குவார்கள், மற்ற இடமெல்லாம் சும்மா நடக்கலாம், அங்கிருந்து தெரிவதும் அதே நாடாளுமன்றம்தான். அதற்கு உள்ளே போக ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவர்களுக்குக் கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதனால் வெளியே நின்று பார்ப்பதே உத்தமம்.

சேச்செனி என்கிற வெந்நீர்க் குளியல் இடம் மலிவு என்று பழைய பதிவுகளில் படித்திருந்தால் மறந்துவிடுங்கள், இப்போது விலை ஏறிவிட்டது. இருந்தாலும் குளிரில் திறந்தவெளிக் குளத்திலிருந்து ஆவி எழும்பும்போது கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்திருப்பது வேறு விஷயம். சனி ஞாயிறு விட்டுத் திங்கள் காலையில் போங்கள், விலையும் கூட்டமும் குறைவு. அங்கே போக மஞ்சள் நிற மெட்ரோ 1. 1896-இல் ஓட ஆரம்பித்தது, ஐரோப்பாவின் மிகப் பழைய சுரங்க ரயில்களில் ஒன்று. பெட்டி சின்னதாகப் பொம்மை ரயில் போலத்தான் இருக்கும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ‘நாப்பி மெனு’ என்று கடை வாசலில் எழுதியிருக்கிறதா பாருங்கள், வேலை நாட்களில் சூப்பும் ஒரு சாப்பாடும் சேர்த்துக் குறைந்த விலை. பெரிய சந்தைக் கட்டடத்தைப் பார்க்கலாம், ஆனால் அதன் மேல்மாடிக் கடைகளில் விலை நம்மைப் பார்த்துப் போட்டது.

ராத்திரி ரயில்:

இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏடிஎம்மில் ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா’ என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லி ஃபோரிண்டிலேயே கழிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை. கடையில் கார்டு தேய்க்கும்போதும் அப்படியே. அடுத்தது, டிராமில் காகித டிக்கெட் வாங்கினால் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், வாங்கியது மட்டும் போதாது. இதே பக்கத்தில் ஒரு ஊரில் முத்திரை குத்தாத டிக்கெட்டோடு மாட்டி இரண்டு நாள் சாப்பாட்டுக் காசை அபராதமாகக் கட்டியவன் சொல்கிறேன். நாள் கணக்கில் பாஸ் எடுத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

வியாழன் சாயங்காலம் வியன்னாவில் சும்மா இருப்பீர்களே, ஆபரா அரங்கில் நின்று பார்க்கும் டிக்கெட் இருக்கிறதா பாருங்கள், உட்கார்கிற இருக்கை விலையில் சின்னப் பங்குதான். நிற்க முடியாதென்றால் வெள்ளி காலை ரயிலுக்கு முன் கார்ல்ஸ்பிளாட்ஸில் வியன்னா அருங்காட்சியகம், நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை.

பாதிவழி:

கணக்குப்பிள்ளை போட்ட வழிதான். தம்பியிடம் போவேயின் வரைபடத்தைக் காட்டினேன், பத்து நிமிஷம் பதிலே இல்லை, அப்புறம் ‘சரி, வெந்நீரா?’ என்று கேட்டான். குளியலுக்குத் துண்டு, செருப்பு அங்கேயே கிடைக்குமா, கொண்டு போக வேண்டுமா?

நடராஜா சர்வீஸ்:

கொண்டு போங்கள். அங்கே எடுத்தால் அதற்கும் தனிக் காசு. பையில் இடமில்லை என்றால் துண்டு தம்பி பையில்.