9 வருட ஜப்பான் மாணவர் ஊழியம் முடிந்து ஊர் திரும்பும் குடும்பம்: சபை என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பாளை_மிஷனரிக்குழு:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்திலிருந்து (ஒரு போதகரின் கீழுள்ள சபைகள்) ஜப்பானுக்கு மாணவர் ஊழியத்துக்கு, அதாவது கல்லூரி மாணவர்களிடையே கிறிஸ்தவப் பணிக்கு, போன குடும்பம் வருகிற மார்ச் கடைசி வாரம் பாளையங்கோட்டைக்கே திரும்புகிறது. கணவன், மனைவி, 8 வயதுப் பையன், 5 வயதுப் பெண். பிள்ளைகள் இருவரும் அங்கே பிறந்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுதப் படிக்கத் தெரியாது. பையன் அங்கே 2-ம் வகுப்பு முடிக்கிறான். மார்ச்சோடு 9 வருடம், அதாவது 108 மாதம், இருவரும் அந்த ஊர் தேசிய பென்ஷனுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். போவதற்கு முன் அண்ணன் (கணவர்) இங்கே 3 வருடம் கம்பெனி வேலையில் இருந்தார், பி.எஃப். பிடித்திருக்கிறார்கள். அக்காவுக்கு (மனைவிக்கு) அப்படி எதுவும் இல்லை.

குழுவில் இப்போது பேசி வைத்திருப்பது: வந்த முதல் ஞாயிறு வரவேற்பும் சாட்சியும் (ஊழிய அனுபவப் பேச்சு), ஏப்ரலில் பண உதவி செய்து தாங்குகிற 11 சபைகளுக்கும் பயணம், மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளிப் பொறுப்பு. தாங்கும் பணம் மார்ச்சோடு நிற்கும். இதில் எதை மாற்ற வேண்டும்? பள்ளிக்கூடம், பணம், சாமான், அங்கே விட்டு வரும் மாணவர்கள், எல்லாவற்றுக்கும் யோசனை வேண்டும்.

முன்னாள்_மாணவர்_ஊழியர்:

அன்புள்ள குழுவினருக்கு, நீங்கள் சொன்ன நான்கையும் மாற்ற வேண்டும். ஜப்பானில் கல்வியாண்டு மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்குகிறது. மார்ச் என்றால் பட்டமளிப்பு, வழியனுப்பு, வீடு காலி செய்வது எல்லாம் ஒன்றாக வந்து விழும் மாதம். அந்தக் களைப்போடு விமானம் ஏறி வருகிறவர்களை மறு ஞாயிறே மேடையில் ஏற்றக் கூடாது. முதல் 4 வாரம் ஒரு நிகழ்ச்சியும் வேண்டாம். முதல் ஞாயிறு அவர்கள் குடும்பமாக பெஞ்சில் உட்கார்ந்து ஆராதிக்கட்டும். ஐயர் (போதகர்) அவர்கள் பெயரைச் சொல்லி ஒரு ஜெபம் செய்தால் போதும். சால்வை வேண்டாம், மைக் வேண்டாம்.

5-ம் வாரத்திலிருந்து 8-ம் வாரத்துக்குள் குழுவில் இரண்டே பேர், அதில் ஒருவர் பெண், அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேளுங்கள். இரண்டு மணி நேரம் வீதம் மூன்று தடவை. ஒரு தடவை அக்காவிடம் தனியாக. எது முடியாமல் நின்றது, யாரை நினைத்தால் மனம் வலிக்கிறது, சபை எங்கே கைவிட்டது, எதை வெளியே சொல்லக் கூடாது என்று கேளுங்கள். அறிக்கை எழுதாதீர்கள். இதைச் செய்யாமல் நேரே சுற்றுப்பயணத்துக்கு அனுப்பினால், ஐந்தாவது சபையில் சாட்சி மனப்பாடமாகிவிடும், உள்ளே இருப்பது உள்ளேயே தங்கிவிடும். சபைப் பயணம் ஜூலைக்குப் பிறகு, மாதம் இரண்டு ஞாயிறுக்கு மேல் போகாமல். வேதாகமப் பள்ளிப் பொறுப்பு இந்த வருடம் வேண்டாம். பிள்ளைகளே புது இடத்தில் ஒட்டிக்கொள்ள அம்மாவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாதம் அது.

தாங்கும் பணத்தைக் குறைந்தது 6 மாதம் முழுசாகக் கொடுங்கள். வந்து இறங்கும் மாதத்தில்தான் செலவு அதிகம்: வீட்டு அட்வான்ஸ், பள்ளிக் கட்டணம், அடுப்பு, கட்டில், வண்டி. தீர்மானத்தை மினிட்ஸில் எழுதி, அவர்கள் கிளம்புமுன் தெரியப்படுத்துங்கள்.

‘எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள்?’ என்ற கேள்வி எல்லாச் சபையிலும் வரும். அந்த நாட்டில் கிறிஸ்தவர்கள் 1 சதவீதம் அளவுதான். மதிய உணவு இடைவேளையில் நாலைந்து பேர் கூடி வேதம் படிப்பதுதான் பல வளாகங்களில் ஊழியம். இதைச் சபைகளுக்கு முன்கூட்டியே நீங்கள் சொல்லிவிட்டால் அவர்கள் ஒவ்வொரு மேடையிலும் தங்களை நியாயப்படுத்த வேண்டியிராது. (டோனாவூருக்கு வருமுன் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1893-ல் முதலில் போன நாடும் ஜப்பான்தான். நம் ஜில்லா ஜனங்களுக்கு அங்கிருந்து பேச்சைத் தொடங்கினால் சீக்கிரம் புரியும்.)

மாணவர்கள் விஷயம்: திரும்புவதை அக்டோபரிலேயே சொல்லிவிட வேண்டும். பிப்ரவரியில் சொன்னால் கைவிட்டதுபோல ஆகும். அங்கே கே.ஜி.கே. என்ற கிறிஸ்தவ மாணவர் அமைப்பு 1947-லிருந்து மாணவர்களே முன்நின்று நடத்தும் இயக்கம். பொறுப்பை அந்த ஊர் மாணவர்களிடமும் ஊழியர்களிடமும் கொடுப்பதே முறை, நம் ஆள் ஒருவரை அனுப்பி இடத்தை நிரப்ப வேண்டியதில்லை. படிப்பு முடித்துக் கம்பெனியில் சேரும் முதல் வருடம்தான் பலர் சபையை விட்டு விலகும் காலம். ஆகவே மார்ச்சில் வெளியேறும் ஒவ்வொருவரும் எந்த ஊருக்குப் போகிறார், அங்கே எந்தச் சபை, யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, இரு தரப்பையும் போனில் பேச வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஊர் வந்தபின் முதல் 6 மாதம் வாழ்த்து, ஜெபம் மட்டும். அங்கே நேரம் நம்மைவிட மூன்றரை மணி முந்தி. பாளையங்கோட்டையிலிருந்து ஆன்லைனில் வேதபாடம் நடத்த ஆரம்பித்தால், புதிதாகப் பொறுப்பெடுத்தவர் தலையெடுக்க முடியாது, இவர்களும் ஊரில் கால் ஊன்ற முடியாது.

கணக்கு_வழக்கு:

பென்ஷனில்தான் பெரிய தப்பு நடக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

ஜப்பானை விட்டுப் போகும் வெளிநாட்டவர் கட்டிய பென்ஷனுக்கு ஒரு மொத்தத் தொகை கேட்கலாம். முகவரியை ரத்து செய்து வெளியேறியதிலிருந்து 2 வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் கணக்கில் எடுப்பது அதிகபட்சம் 60 மாதம். இவர்கள் கட்டியது 108. மீதி 48 மாதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. அதோடு தொகையை வாங்கிய நிமிடம் 108 மாதமும் பதிவிலிருந்து போய்விடும்.

மாதப் பென்ஷன் உரிமைக்கு 10 வருடம், 120 மாதம் வேண்டும். இந்தியா, ஜப்பான் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இங்கே பி.எஃப். பென்ஷனில் இருந்த காலத்தையும் சேர்த்து அந்த 120-ஐ எட்டலாம். அண்ணனுக்கு இங்கே 36 மாதம் இருக்கிறது, அவர் பென்ஷன் திட்டத்தில் இருந்தாரா, பணத்தை எடுத்துவிட்டாரா என்று பழைய யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) கணக்கில் பார்க்க வேண்டும். திட்டத்தில் இருந்து, பணத்தை எடுக்காமல் இருந்தால், அவர் ஜப்பானில் மொத்தத் தொகை வாங்குவது நஷ்டம். அக்காவுக்கு இங்கே காலம் இல்லாததால் 60 மாதத் தொகையை வாங்குவதே பெரும்பாலும் சரி. ஒரே குடும்பம் என்று இருவருக்கும் ஒரே முடிவு எடுக்காதீர்கள். இருவரின் பென்ஷன் எண் இருக்கும் சிறு புத்தகத்தையும் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

வருமான வரி: மார்ச் கடைசியில் வருவது நல்லது. 9 வருடமும் இங்கே வெளிநாடுவாழ் இந்தியராக இருந்திருந்தால், அடுத்த இரண்டு நிதியாண்டுக்கு ‘வசிப்பவர், ஆனால் சாதாரணமாக வசிக்காதவர்’ என்ற நிலை கிடைக்கும். முந்தைய 10 வருடத்தில் 9 வருடம் வெளியே இருந்தவர் என்பது கணக்கு. அந்த இரண்டு வருடம் ஜப்பான் வங்கியில் வரும் வட்டி போன்றவற்றுக்கு இங்கே வரி இல்லை. ஆனால் வெளிநாட்டு வருமானம் முதன்முதலாக வந்து சேரும் இடமே இந்திய வங்கிக் கணக்கு என்றால் கேள்வி வரும். அக்காவின் பென்ஷன் தொகையை எந்தக் கணக்கில் வாங்குவது என்று விண்ணப்பிக்குமுன் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

என்.ஆர்.இ. கணக்கு (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) இருந்தால் வந்தவுடன் வங்கியில் எழுதிக் கொடுத்து சாதாரணக் கணக்காகவோ ஆர்.எஃப்.சி. கணக்காகவோ (ஊர் திரும்பியவர் வெளிநாட்டுப் பணமாகவே வைக்கும் கணக்கு) மாற்ற வேண்டும். நிரந்தர வைப்பு முதிர்வு வரை அதே வட்டிக்கு ஓடலாம், ஆனால் நிரந்தரமாக வந்த நாளிலிருந்து அந்த வட்டிக்கு வரிவிலக்கு இல்லை. ஜப்பான் வங்கியில் அவர்கள் சேர்த்த பணத்தை அங்கேயே வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கிறது.

இன்னொன்று. இங்கே தாங்கும் பணத்தைச் சபையார் ஆளாளுக்கு அவர் சொந்தக் கணக்கில் போட்டால், உறவினர் அல்லாதவரிடமிருந்து வந்தது வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டியதும் மொத்தமும் வரிக்கு வரும். சபைக் கணக்கில் வாங்கி, மாதச் சம்பளமாகக் கொடுங்கள்.

பாளை_மிஷனரிக்குழு:

மிக்க நன்றி ஐயா. ஜப்பான் விசுவாசிகள் சிலர், இவர் இங்கே மாணவர் ஊழியம் தொடர்ந்தால் மாதாமாதம் பணம் அனுப்ப விரும்புகிறார்கள். அவர் கணக்குக்கு அனுப்பலாமா?

கணக்கு_வழக்கு:

வேண்டாம். எஃப்.சி.ஆர்.ஏ. 2010 என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் சங்கங்களுக்கு மட்டுமல்ல, மதம், கல்வி சார்ந்த திட்டம் உள்ள தனி ஆளுக்கும் பொருந்தும். பதிவோ அரசின் முன் அனுமதியோ இல்லாமல் ஊழியத்துக்கென்று வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாது. பதிவு உள்ள அமைப்பும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் கிளையில் உள்ள கணக்கில்தான் வாங்க முடியும், வாங்கியதை வேறு அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது. ‘ஒரு பதிவுள்ள டிரஸ்ட் வழியாக வாங்கிக் கொடுத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவர்களுடைய சொந்தச் சேமிப்பைக் கொண்டுவருவது இதில் சேராது.

பிள்ளை_நலம்:

ஸ்தோத்திரம். பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தாய்க்கும் குழந்தைக்கும் ஜப்பானில் ஒரு கையேடு கொடுப்பார்கள், ‘போஷி தெச்சோ’ என்று பெயர். தடுப்பூசி விவரமெல்லாம் அதில்தான் இருக்கும். தேதிகளையும் ஊசிப் பெயர்களையும் அங்கேயே ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும், இங்கே எந்த டாக்டருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. அங்கே அட்டவணைப்படி போடுவது தட்டம்மை, ரூபெல்லா இரண்டும் சேர்ந்த ஊசி. பொன்னுக்கு வீங்கி அதில் இல்லை. டைபாய்டு ஊசியும் அட்டவணையில் இல்லை. இந்த இரண்டையும் குழந்தை மருத்துவரிடம் தவறாமல் கேளுங்கள். பி.சி.ஜி. அங்கே முத்திரை மாதிரிக் குத்துவார்கள்: ஒன்பது ஊசி முனை, இரண்டு தடவை, ஆக 18 சிறு புள்ளி. நம் ஊர்த் தழும்பு இல்லையே என்று மறுபடி போடச் சொன்னால் கையேட்டைக் காட்டுங்கள்.

பள்ளி: அங்கே 6 வயது நிரம்பி ஏப்ரலில்தான் 1-ம் வகுப்பு. நம்மூரில் 5 நிரம்பினாலே சேர்த்துவிடுவதால், வயதுப்படி பார்த்தால் பையனை 4-ல் சேர்க்கச் சொல்வார்கள். சேர்க்காதீர்கள். அங்கே 2 முடித்தான், இங்கே 3-ல் சேரட்டும். தமிழ் கற்றல் சட்டம் 2006-ன்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம், அவனுக்கு உயிரெழுத்திலிருந்து தொடங்க வேண்டும். கிளம்புமுன் ஆறு மாதம் தினம் 20 நிமிடம் எழுதிப் பழகினால் உயிர், மெய், உயிர்மெய் வரிசை பிடிபட்டுவிடும். ஜப்பானிய எழுத்தும் அசை எழுத்துதான் என்பதால் ‘க, கி, கு’ என்ற அடுக்கு அவனுக்குப் புதிதல்ல.

பையனுக்குச் சாலையில்தான் ஆபத்து. ஜப்பானில் பிள்ளைகள் பள்ளிக்குப் பெற்றோர் துணையில்லாமல் நடந்தே போவார்கள். வரிக்கோட்டில் நின்று ஒரு கையை நேராக மேலே தூக்கிக்கொண்டு கடக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், கார் நிற்கும் என்ற நம்பிக்கையோடு இறங்கிவிடுவான். இங்கே பஸ் நிற்காது. முதல் மாதம் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்தபடி, தினமும் ஒரே சாலையை, ஒரே நேரத்தில், இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கப் பழக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது, உடம்பு பழகியிருப்பதை உடம்புதான் மாற்றும்.

வகுப்பறையைத் துடைப்பது, வாசலில் செருப்பைத் திருப்பி வைப்பது, தலைகுனிந்து வணங்குவது எல்லாம் அவர்களிடம் ஊறியிருக்கும். ஓய்வுநாள் பள்ளியில் ‘ஜப்பான்காரன்’ என்று கேலி வரும். ஆசிரியர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். ‘ஜப்பான் பாஷையில் ஒரு பாட்டுப் பாடு’ என்று பிள்ளையை முன்னே நிறுத்தவும் வேண்டாம்.

டோக்கியோ_நெல்லை:

கிளம்பும் வேலைகள். நகராட்சி அலுவலகத்தில் இடம்பெயர்வு அறிவிப்பைப் புறப்படும் நாளுக்கு 14 நாள் முன்பிருந்து கொடுக்கலாம். இது இல்லாமல் பென்ஷன் தொகை கிடைக்காது. வசிப்பிட அட்டையை விமான நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அங்கே நிரப்பும் படிவத்தில் ‘திரும்பி வருவேன்’ என்ற மறுநுழைவுக் கட்டத்தில் டிக் போட்டுவிடாதீர்கள். ஜனவரி 1 அன்று அங்கே முகவரி இருந்தால், முந்தைய வருட வருமானத்துக்கான குடியிருப்போர் வரிச் சீட்டு ஜூனில்தான் வரும். அதைக் கட்ட அங்கே ஒருவரை வரிப் பிரதிநிதியாக எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். பெரிய குப்பைகளை எடுக்க முன்பதிவு வேண்டும், மார்ச் ஊரே வீடு மாறும் காலம், பிப்ரவரியிலேயே தேதி வாங்குங்கள்.

அங்கே மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. ரைஸ் குக்கர், ஹீட்டர், தையல் மிஷின் எதையும் கட்டிக்கொண்டு வராதீர்கள், செருகினதும் புகைந்துவிடும். 100 முதல் 240 வரை என்று அச்சிட்ட லேப்டாப், போன் சார்ஜர் மட்டும் சரி.

பெயர் விஷயம் முக்கியம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, ஆதாரில் இனிஷியல், வங்கியில் இனிஷியல் பின்னால் என்று இருந்தால் ஜப்பானிலிருந்து அனுப்பும் பணம் திரும்பிப் போகும். வங்கியில் பாஸ்போர்ட் எழுத்துப்படியே மாற்றிவிட்டு விண்ணப்பியுங்கள். பிள்ளைகளின் பிறப்பு இந்தியத் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் பதிவாகியிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். ஜப்பான் பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் இரண்டுக்கும் அங்கேயே மொழிபெயர்ப்பும் அப்போஸ்டில் முத்திரையும் (வெளிநாட்டில் செல்லும்படி அரசு தரும் சான்று) வாங்க வேண்டும். இங்கே வந்தபின் அது பெரிய அலைச்சல்.

லைன் (அங்கே எல்லோரும் பேசும் வாட்ஸ்அப் மாதிரியான ஆப்) கணக்கு ஜப்பான் போன் எண்ணோடு கட்டியிருக்கும். சிம்மை நிறுத்துமுன் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் பதிந்து, எண்ணை மாற்றிவிடுங்கள். தாமதித்தால் மாணவர்களின் தொடர்பு முழுசும் போகும்.

முன்னாள்_மாணவர்_ஊழியர்:

இன்னொன்று விட்டுப்போனது. மாணவர்கள் படத்தை ஜெபக் கடிதத்திலோ சபை யூடியூப்பிலோ போடாதீர்கள். பலருடைய வீட்டில் அவர்கள் விசுவாசம் தெரியாது. 2022-ல் முன்னாள் பிரதமர் அபே கொலையில் ஒரு மதக் குழுவின் பெயர் அடிபட்ட பிறகு அங்குள்ள பல்கலைக்கழகங்கள் மதக் குழுக்களைக் கூர்ந்து பார்க்கின்றன. சபையில் பேசும்போதும் பெயரை மாற்றி, பல்கலைக்கழகத்தைச் சொல்லாமல் பேசச் சொல்லுங்கள்.

பாளை_மிஷனரிக்குழு:

கேட்டுக்கொண்டோம். சால்வையும் ஏப்ரல் மாத 11 சபைப் பயணமும் ரத்து. 6 மாதப் பணத்துக்கு அடுத்த கமிட்டியில் தீர்மானம் வைக்கிறோம். அண்ணனுடைய யு.ஏ.என். எண்ணை இன்று இரவே கேட்டு வாங்குகிறேன்.