ஈயக்குட்டையில் பீக்காக் பாஸ் விடலாமா?

ராவாங் தூண்டில்: வணக்கம். எங்கள் வீட்டுப் பக்கம் ஈயம் தோண்டியெடுத்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய பழைய ஈயக்குட்டை ஒன்று சும்மா கிடக்கிறது. நாலைந்து பேர் காசு போட்டு நூறு பீக்காக் பாஸ் குஞ்சு வாங்கி விடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நல்லா இழுக்கிற மீன், சாப்பிடவும் ருசி. சிலாங்கூரில் பல குட்டைகளில் ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக என்ன கெட்டுவிடும்?

அம்பாங் தேவி: வேண்டாம் தம்பி. அது தென் அமெரிக்க மீன், மற்ற மீன்களைத் தின்றே வளர்வது. பனாமாவின் காத்துன் ஏரிக்குள் 1967 வாக்கில் வளர்ப்புக் குட்டையிலிருந்து தப்பிப் போனது. சில ஆண்டுகளில், அங்கே சாதாரணமாகக் கிடைத்த எட்டு மீன் இனங்களில் ஆறு காணாமல் போனதை 1973இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நவம்பர் மழையில் உங்கள் குட்டை வழிந்தால் மீன் எங்கே போகும்? ஆற்றுக்குத்தான். என்னைக் கேட்டால் வெளிநாட்டு மீன் குஞ்சு உள்ளே வருவதையே நிறுத்த வேண்டும்.

ராவாங் தூண்டில்: அக்கா, நாம் தின்னும் திலாப்பியா ஆப்பிரிக்க மீன்தானே?

காஜாங் குட்டை: நான் சிவப்புத் திலாப்பியா வளர்த்துப் பிழைக்கிறவன். மொத்தமாக நிறுத்து என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன் தேவி. 1988இல் பிலிப்பீன்ஸில் தொடங்கிய 'கிஃப்ட்' என்ற மேம்படுத்திய திலாப்பியா ரகத்துக்கு எகிப்து, கானா, கென்யா, செனகல் நாடுகளிலிருந்து மீன் கொண்டுவந்தார்கள். வேகமாக வளரும் அந்த ரகத்தால் எத்தனையோ சிறு விவசாயிகள் பிழைக்கிறார்கள். கொண்டுவருகிற முறைதான் முக்கியம்.

ஐசிஇஎஸ் என்ற கடல் ஆய்வு மன்றம் இதற்கு ஒரு நடைமுறை வகுத்திருக்கிறது. வெளியிலிருந்து வந்த தாய்மீன் தனித்தொட்டியை விட்டு வெளியேறவே கூடாது. அந்தத் தொட்டித் தண்ணீரையும் கிருமி கொல்லாமல் வெளியே விடக் கூடாது. அந்தத் தாய்மீனுக்குப் பிறந்த குஞ்சுகளை, நோய் இல்லை என்று தெரிந்த பிறகு மட்டும், முதலில் கொஞ்சமாக விட்டுக் கண்காணிக்க வேண்டும். தாய்மீனோடு ஒட்டுண்ணியும் வைரஸும் கூடவே வந்துவிடும் என்பதுதான் காரணம். வெள்ளை இறாலோடு வந்த, இறாலைக் கொல்லும் டௌரா வைரஸ் 1999இல் தைவான் பண்ணைகளில் தெரிய வந்தது. அவசரப்பட்டு இறக்கியதன் விலை அது.

அம்பாங் தேவி: நோயைத் தடுக்க அது சரி அண்ணே. கரை உடைந்தால்?

காஜாங் குட்டை: எனக்கே உடைந்திருக்கிறது. ஒரு வெள்ளத்தில் பாதி மீன் பக்கத்து ஓடைக்குப் போய்விட்டது. இன்றும் அந்த ஓடையில் தூண்டில் போட்டால் திலாப்பியாதான் வருகிறது, அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்தும். இப்போது கரையை உயர்த்தி, வடிகாலில் இரட்டை வலை கட்டி, ஆண் குஞ்சு மட்டும் வாங்குகிறேன். அதிலும் ஒன்றிரண்டு பெட்டை கலந்துதான் வரும்.

செந்தூல் மீன்கடை: பண்ணையைவிட என் மாதிரி அலங்கார மீன் கடைகளால்தான் கெடுதல் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. 'ஈக்கான் பண்டாராயா' தெரியும்தானே, தொட்டிச் சுவரைச் சுத்தம் செய்கிற மீன். விரல் நீளத்தில் விற்போம், ஒரு அடிக்கு மேல் வளரும். தொட்டி போதாதபோது, கொல்ல மனசில்லாமல் ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். அதுவும் தென் அமெரிக்க மீன்தான். உடம்பெல்லாம் கவசம், தண்ணீர் கெட்டாலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைக்கும். முட்டையிடக் கரையைக் குடைவதால் மண் சரிகிறது. கிள்ளான் ஆற்றில் இப்போது அதுதான் குவிந்து கிடக்கிறது. வளர்க்க முடியாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள் என்று போன வருடம் முதல் பலகை வைத்திருக்கிறேன். பணம் தர மாட்டேன், ஆனால் எடுத்துக்கொள்வேன்.

அம்பாங் தேவி: நான் பயப்படுவது இதைத்தான். உயிர்மீன் இறக்குமதிக்கு 1985 மீன்வளச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஆனால் வாளியில் மீனைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறவரை விமான நிலையத்திலா நிறுத்த முடியும்? ஆற்றில் பெருகிய மீனை யாரும் திரும்ப அள்ளி முடித்ததில்லை தம்பி.

ராவாங் தூண்டில்: சரி அக்கா, நூறு குஞ்சுக்குச் சொல்லி வைத்ததை நிறுத்தி வைக்கிறேன். குட்டைக்கு ஆற்றோடு தொடர்பே இல்லை என்று என் கூட்டாளிகள் இன்னும் சாதிக்கிறார்கள். கரையைச் சுற்றி நடந்து பார்த்தால்தான் தெரியும். உள்ளே விரால் இருக்கிறதா, வேறு என்ன இருக்கிறது என்றும் ஞாயிற்றுக்கிழமை வலை போட்டுப் பார்க்கிறோம். காஜாங் அண்ணே, நீங்களும் வந்தால் நல்லது.

காஜாங் குட்டை: காலை ஏழு மணிக்கு வந்துவிடுகிறேன். வடிகால் எந்தப் பக்கம் போகிறது என்பதை முதலில் பார்ப்போம்.